எச்டி 3000 கிராபிக்ஸுக்கு இன்னொரு ரேம் போட்டுப் பார்த்தேன்

என்னிடம் இருக்கும் திங்க்பேட் எக்ஸ்220 லேப்டாப்பில் இன்டெல் எச்டி கிராபிக்ஸ் 3000 இருக்கிறது. 2011-இல் இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் பிராசஸர் தலைமுறையோடு வந்தது. தனி சிப் கிடையாது, பிராசஸர் கோர்கள் இருக்கும் அதே 32 நானோமீட்டர் சில்லில்தான் இதுவும். 12 எக்ஸிகியூஷன் யூனிட் (கிராபிக்ஸ் கணக்குகளைச் செய்யும் பகுதிகள்), என் ஐ5-2520எம் பிராசஸரில் 650 மெகாஹெர்ட்ஸில் ஆரம்பித்து 1300 வரை ஏறும்.

ஆனால் இந்த வேகத்தைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது மெமரி. இதற்கென்று சொந்த மெமரியே இல்லை, மெயின் ரேமில்தான் பங்கு. எனக்கு வந்த லேப்டாப்பில் ஒரே ஒரு 4 ஜிபி டிடிஆர்3-1333 ரேம்தான் இருந்தது. ஒரே ரேம் என்றால் ஒற்றைச் சேனல், அதாவது மெமரிக்கு ஒரே தரவுப் பாதை; கணக்குப்படி வினாடிக்குச் சுமார் 10.6 ஜிபி, அதையும் பிராசஸரும் கிராபிக்ஸும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். பழைய சாமான் கடையில் அதே மாதிரி இன்னொன்று வாங்கினேன். அடிமூடியைக் கழற்றி, சாய்வாகச் செருகி, இரண்டு பக்கக் கிளிப்பும் ‘டிக்’கென்று பிடிக்கும்வரை அழுத்தினால் வேலை முடிந்தது. இரட்டைச் சேனலில் 21.3 ஜிபி. சூப்பர்டக்ஸ்கார்ட் ரேஸ் கேமில் வண்டிகள் கூட்டமாக வரும் வளைவுகளில் முன்பு திணறியது, இப்போது 1366×768-இல் அமைப்புகளைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் சீராக ஓடுகிறது. இந்தச் சில்லுக்கு இதைவிட மலிவான மேம்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

அப்புறம் வீடியோ. எச்.264 வடிவ வீடியோ என்றால் எம்பிவி பிளேயரில் விஏஏபிஐ (டிகோடிங்கைக் கிராபிக்ஸிடம் ஒப்படைக்கும் லினக்ஸ் வசதி) போட்டதும் 1080பி கூட அலுங்காமல் ஓடுகிறது, ஃபேன் சத்தமே இல்லை. போனில் எடுத்த எச்இவிசி (எச்.265) வீடியோவைத் திறந்தால் கதை வேறு, அதற்கும் விபி9 என்ற இன்னொரு வீடியோ வடிவத்துக்கும் இதில் டிகோடர் இல்லாததால் முழுப் பாரமும் இரண்டே கோர்கள் தலையில் விழுகிறது. வைத்துக்கொள்ள வேண்டிய வீடியோக்களை எச்.264-க்கு மாற்றிவிடுகிறேன், இன்டெலின் வீடியோ என்கோடிங் வசதியான குவிக் சிங்க் இருப்பதால் அந்த என்கோடிங்கையும் கிராபிக்ஸே பார்த்துக்கொள்கிறது.

லினக்ஸில் கிராபிக்ஸ் டிரைவர்களின் தொகுப்பான மெசாவின் பழைய ஐ965 டிரைவர் 22.0 பதிப்பில் நீக்கப்பட்டது, இப்போது குரோக்கஸ் டிரைவர்தான். கேம்கள் கிராபிக்ஸைப் பயன்படுத்தும் இடைமுகங்களில் ஓப்பன்ஜிஎல் 3.3 கிடைக்கிறது, விண்டோஸில் 3.1-தான். வல்கன் கிடையாது. டைரக்ட்எக்ஸ் 10.1-உடன் நின்றுவிடுவதால் 11 கேட்கும் கேம்களை மறந்துவிடலாம்.

அடுத்து, சில்லின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றப் போகிறேன். 35 வாட் வரம்பு கோர்களுக்கும் கிராபிக்ஸுக்கும் சேர்த்துத்தான், ஹீட்சிங்க்கும் ஒன்றே. பழைய பேஸ்ட் காய்ந்திருந்தால் 1300-இல் நிற்க விடாது. மாற்றியபிறகு அதே ரேஸை ஓட்டிப் பார்த்து, கிளாக் எவ்வளவு நேரம் அங்கே நிற்கிறது என்று எழுதுகிறேன்.