கணினி அணைந்த நேரங்கள்

கணினி தானாக அணைகிறது என்று கடைக்குக் கொண்டுபோனால், எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் பகுதி) போய்விட்டது அல்லது மதர்போர்டு போய்விட்டது என்பார்கள். எனக்கும் அதையே சொன்னார்கள், பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல். அப்படியே வீட்டுக்குத் தூக்கிவந்துவிட்டேன்.

முதல் சந்தேகம் சூட்டின்மேல். சித்திரை மாதம், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை, சொல்லவா வேண்டும்? கேபினெட்டைத் திறந்தால் ப்ராசஸர் விசிறியின் அடியில் தூசி கம்பளியாகப் படிந்திருந்தது. பெயிண்ட் பிரஷால் தட்டி எடுத்தேன். ப்ராசஸரின் சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்து உதிர்ந்திருந்தது, அதையும் மாற்றினேன். கோர் டெம்ப் என்ற இலவச மென்பொருளில் பார்த்தால், வேலை கொடுத்தாலும் 65 டிகிரியைத் தாண்டவில்லை. இன்டெல் ப்ராசஸர்கள் பலவற்றுக்கும் உச்ச வரம்பு 100 டிகிரியை ஒட்டித்தான். ஆனாலும் மறுநாள் காலை அணைந்தது.

அடுத்து, கணினியில் நடப்பவற்றின் பதிவுகளைக் காட்டும் விண்டோஸின் ஈவென்ட் வியூவர். அதில் சிவப்புக் குறியோடு நிற்கும் ‘கெர்னல்-பவர் 41’ பலரையும் பயமுறுத்தும். கணினி முறையாக மூடப்படவில்லை என்பதைத் தவிர அதற்குப் பெரும்பாலும் எதுவும் தெரியாது. எனக்கு உதவியது 6008 என்ற எண்ணுள்ள பதிவு. எதிர்பாராமல் அணைந்த நேரத்தை அது குறித்துவைக்கிறது. அந்த நேரங்களை வரிசையாகத் தாளில் எழுதினேன். எல்லாமே காலை ஆறரையை ஒட்டி, அல்லது மாலை ஐந்தரையை ஒட்டி. பழுதான மதர்போர்டு கடிகாரம் பார்த்தா அணையும்?

ஆறரைக்கும் ஐந்தரைக்கும் எங்கள் வீட்டில் தவறாமல் நடப்பது ஒன்றுதான்: அம்மா தண்ணீர் மோட்டாரைப் போடுவார்.

அடுத்த முறை அவர் மோட்டாரைப் போடும்போது கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். ட்யூப்லைட் மங்கியது, கணினியும் மானிட்டரும் செருகியிருந்த யூபிஎஸ்ஸுக்குள் (மின்சாரம் போனால் பேட்டரியில் ஓடவைக்கும் பெட்டி) ‘டிக்’ என்றது, மானிட்டரின் சிறு விளக்கும் கணினியோடு சேர்ந்தே அணைந்தது. அந்த விளக்குதான் துப்பு. கணினி மட்டும் நின்றிருந்தால் மானிட்டர் விளக்கு எரிந்துகொண்டு, சிக்னல் இல்லை என்று காட்டியிருக்கும். இரண்டுமே போனால், கோளாறு இரண்டுக்கும் மின்சாரம் கொடுக்கும் இடத்தில்.

கணினியைக் கழற்றிவிட்டு 60 வாட் குண்டு பல்பை யூபிஎஸ்ஸில் மாட்டி, சுவர் இணைப்பை நிறுத்தினேன். பல்பு உடனே அணைந்தது. (எல்இடி பல்பை வைத்துச் சோதித்தால் ஏமாந்துவிடுவோம், சுமை போதாது.) மல்டிமீட்டரோ பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டியது! சுமை இல்லாமல் அளந்தால் செத்த பேட்டரியும் உயிரோடிருப்பதாகக் காட்டக்கூடும்.

மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும், வோல்டேஜ் சரியும், யூபிஎஸ் பேட்டரிக்குத் தாவும், அங்கே ஒன்றும் இருக்காது. கணினியை நேரடியாகச் சுவரில் செருகி மோட்டாரைப் போடச் சொன்னேன். அசையவே இல்லை. அந்தச் சரிவை எஸ்எம்பிஎஸ் தானே சமாளித்துக்கொண்டது. காவலுக்கு வாங்கிய பெட்டிதான் இத்தனை நாளும் கழுத்தை அறுத்திருக்கிறது.

12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று வாங்கினேன். பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கொஞ்சம் கழித்தார்கள். மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், இரு முனைகளையும் ஸ்க்ரூடிரைவர் சேர்த்துத் தொட்டுவிடக் கூடாது. புதியதன்மேல் தேதியை மார்க்கரால் எழுதிவிட்டேன். இவை பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகள்தான் தாங்கும்.