ஜூலைக் கடைசியில் பிட்சர் வாங்கலாமா?

மேஜர் லீக் பேஸ்போலில் அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் கதவு ஜூலை முடிவை ஒட்டிச் சாத்தப்படுகிறது. 2025இல் அது ஜூலை 31, நியூயோர்க்கில் மாலை 6 மணி. கொழும்பில் ஓகஸ்ட் 1 அதிகாலை 3.30. முன்பு ஓகஸ்டிலும் சுற்றுவழியில் ஆள் மாற்ற முடிந்தது. 2017இல் பிட்சர் (பந்துவீச்சாளர்) ஜஸ்டின் வேர்லாண்டர் டெட்ரொயிட்டிலிருந்து ஹூஸ்டனுக்குப் போனது ஓகஸ்ட் 31 நள்ளிரவுக்குச் சற்று முன்னர்தான். 2019 முதல் அந்த வழியும் அடைபட்டுவிட்டது. ஆகவே 162 ஆட்டங்களில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்த நிலையில், முன்வரிசையில் நிற்கும் ஒவ்வோர் அணியும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். வெளியிலிருந்து பிட்சர் எடுப்பதா, இருக்கிறவர்களை வைத்துச் சமாளிப்பதா?

எடுக்கத்தான் வேண்டும் என்பது என் முடிவு. ஆனால் பெரிய விலை கொடுத்து, அதாவது நல்ல இளம் ஆட்டக்காரர்களைக் கொடுத்து வாங்கும் பிட்சர், கிண்ணத்துக்கான தொடர்கள் நடக்கும் ஒக்டோபரில் ஒரு தொடரின் முதல் மூன்று ஆட்டங்களில் ஒன்றைத் தொடங்கக்கூடியவராக இருக்கவேண்டும். அந்த இடத்துக்கு வரமாட்டார் என்றால் அந்த விலையைக் கொடுக்கவே கூடாது.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஸ்டார்ட்டர் எனப்படும் தொடக்கப் பிட்சர் ஒரு நாளில் 90, 100 பந்து வீசுகிறார். 100 பந்து என்றால் 16 ஓவர் 4 பந்து. ஒருநாள் ஆட்டத்தில் நம் பந்துவீச்சாளருக்கு 10 ஓவர்தான் உச்சம், அதையும் இரண்டு மூன்று தவணையாக வீசுவார். கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி நீட்டினால் நோபோல். பேஸ்போலில் அதுவே தொழில், அதுவும் மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்தில். முழங்கையின் உட்பக்கத்து நார் அறுவது அதனால்தான். அதற்கு டொமி ஜோன் சத்திரசிகிச்சை செய்தால் திரும்பி வர ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை பிடிக்கும். இந்தச் சுமையால்தான் ஒரு ஸ்டார்ட்டர் வீசியபின் நாலைந்து நாள் ஓய்வெடுக்கிறார். ஓர் அணி ஐந்து பேரை முறைவைத்து ஓட்டுகிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். ஓகஸ்ட் முதல் தேதிக்குப் பிறகு சுமார் 54 ஆட்டம் மிச்சமிருக்கும். ஐந்து பேர் முறை என்றால் புதிதாக வருபவருக்கு 11 ஆட்டம். பேஸ்போலில் ஓர் ஆட்டம் 9 இன்னிங்ஸ்; மூன்று பேர் ஆட்டமிழந்தால் ஓர் அணிக்கு ஓர் இன்னிங்ஸ் முடியும். ஆட்டத்துக்கு 6 இன்னிங்ஸ் வீதம் 66 இன்னிங்ஸ். அவர் 9 இன்னிங்ஸுக்கு 3 ஓட்டம் கொடுப்பவர், அவர் வந்ததால் வெளியே போகும் ஐந்தாவது ஆள் 5 ஓட்டம் கொடுப்பவர் என்று வையுங்கள். 66ஐ 9ஆல் பிரித்து 2ஆல் பெருக்கினால் 14.7 ஓட்டம். பேஸ்போலில் ஏறத்தாழ 10 ஓட்டம் ஒரு வெற்றிக்குச் சமம். ஆக, மிக நல்ல பிட்சர் ஒருவரை வாங்கினாலும் லீக் சுற்றில் கிடைப்பது ஒன்றரை வெற்றி.

கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் 2024இல் நியூயோர்க் மெற்ஸ், அத்லாண்டா, அரிசோனா மூன்றும் 89 வெற்றி 73 தோல்வியில் முடிந்தன. ஒக்டோபர் ஆட்டங்களுக்கு மிச்சமிருந்தவை இரண்டு இடங்கள். சமநிலையைத் தீர்க்கும் கூடுதல் ஆட்டம் 2022 முதல் இல்லாததால், தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் முடிவை வைத்து அரிசோனாவை வெளியே அனுப்பினார்கள். 2008இல் மில்வோக்கி 90 வெற்றி, மெற்ஸ் 89. அந்த ஒரு வெற்றிக்குப் பின்னால் நின்றவர் ஜூலை 7 அன்று கிளீவ்லாண்டிலிருந்து வந்த சிசி சபாத்தியா. 17 ஆட்டம் தொடங்கி, 11 வென்று, 2 தோற்று, ஏழு ஆட்டங்களை முழுதாக வீசி முடித்தார். 1982க்குப் பிறகு மில்வோக்கி ஒக்டோபரைப் பார்த்தது அப்போதுதான். ஆனால் கடைசி மூன்று ஆட்டங்களையும் மூன்றே நாள் ஓய்வில் வீசவைத்தார்கள். பிலடெல்பியாவுக்கு எதிரான அடுத்த ஆட்டத்தில் கை ஓய்ந்துவிட்டது. ஷேன் விக்டோரினோ மூன்று தளமும் நிரம்பியிருந்தபோது பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பும் ஹோம் ரன் அடித்தார், ஒரே அடியில் நாலு ஓட்டம். வாங்கிய கையை செப்டெம்பரிலேயே தீர்த்துவிட்டால் ஒக்டோபருக்கு ஒன்றும் மிஞ்சாது.

உண்மையான பலன் ஒக்டோபரில்தான். அங்கே கணக்கே மாறுகிறது. முதல் சுற்று மூன்று ஆட்டம், அடுத்தது ஐந்து, அதற்கு மேல் ஏழு. இடையில் ஓய்வு நாள்கள் வருவதால் ஐந்து ஸ்டார்ட்டர் தேவையில்லை. மூன்று பேர், மிஞ்சினால் நாலு பேர் போதும். உங்கள் நாலாவது ஆளை விடக் கொஞ்சம் நல்லவர் என்று ஒருவரை வாங்கினால் அவர் ஒக்டோபரில் உட்கார்ந்திருப்பார். இரண்டாவது ஆளை விட நல்லவரை வாங்கினால் ஐந்து ஆட்டம் கூடத் தொடங்குவார்.

2023இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் சில நாள் இடைவெளியில் இரண்டு பேரை எடுத்தது. பெரிய பெயர் மெக்ஸ் ஷெர்சர், அடக்கமான பெயர் ஜோர்டன் மொன்ட்கொமரி. ஷெர்சருக்கு செப்டெம்பரில் தோள் தசை பிடித்துக்கொண்டது. உலகத் தொடர் எனப்படும் இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் முதுகு பிடித்து 3 இன்னிங்ஸோடு வெளியேறினார். மொன்ட்கொமரி லீக் சுற்றில் 11 ஆட்டம், 9 இன்னிங்ஸுக்கு 2.79 ஓட்டம். பிறகு தம்பா பேக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 7 இன்னிங்ஸ், ஓட்டமே இல்லை. ஹூஸ்டனுக்கு எதிரான தொடரின் முதல் ஆட்டத்திலும் ஓட்டம் கொடுக்கவில்லை. டெக்சஸ் தன் வரலாற்றின் முதல் கிண்ணத்தைத் தூக்கியது. இருவரையும் எடுத்ததே சரி. முதுகும் தோளும் எப்போது பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஒரு கை விழுந்தால் இன்னொரு கை வேண்டும். துடுப்பாட்டத்தில் ஓர் ஓட்டம் கூட எடுப்பதும் பந்துவீச்சில் ஓர் ஓட்டத்தைத் தடுப்பதும் கணக்கில் ஒன்றுதான் என்றாலும், நான் பிட்சர் பக்கம் சாய்வதற்கு இதுவே காரணம்.

வாங்குமுன் பார்க்கவேண்டியவற்றில் முதலாவது வேகம். ஏப்ரலில் 153 கிலோமீற்றர் வீசியவர் ஜூலையில் 150 வீசுகிறார் என்றால் கையில் ஏதோ இருக்கிறது. ஆட்ட முடிவுகள் நன்றாக இருந்தாலும் சரி, விட்டுவிடவேண்டும். இரண்டாவது, இதுவரை வீசிய இன்னிங்ஸ். போன வருடம் முழுக்க 100 இன்னிங்ஸ் வீசிய இளைஞர் இந்த ஜூலையிலேயே 120ஐத் தாண்டியிருந்தால், ஒக்டோபரில் அவர் வேறு ஆள்.

மூன்றாவது, அவர் கொடுத்த ஓட்டங்களில் எவ்வளவு அவருடைய கைவண்ணம், எவ்வளவு களத்தடுப்பாளரும் அதிர்ஷ்டமும் சேர்ந்து தந்தது என்பது. இதற்கு எஃப்ஐபி என்ற கணக்கு இருக்கிறது, காகிதத்திலேயே போடலாம். ஹோம் ரன்னை 13ஆல் பெருக்குங்கள். இலவசமாக முதல் தளம் கொடுத்தவர்களையும் பந்து பட்டுப் போனவர்களையும் கூட்டி 3ஆல் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டி, பந்தை அடிக்கவிடாமலே ஆட்டமிழக்கச் செய்யும் ஸ்ட்ரைக் அவுட்டின் இரண்டு மடங்கைக் கழியுங்கள். வந்ததை இன்னிங்ஸால் வகுத்து 3.1 அளவில் சேருங்கள். 110 இன்னிங்ஸ், 12 ஹோம் ரன், 35 இலவசம், 115 ஸ்ட்ரைக் அவுட் என்றால்: 156 கூட்டல் 105 கழித்தல் 230, மிச்சம் 31. அதை 110ஆல் வகுத்தால் 0.28, 3.1ஐச் சேர்த்தால் 3.38. இந்த ஆளின் பெயருக்கு எதிரே 9 இன்னிங்ஸுக்கு 2.60 ஓட்டம் என்று போட்டிருந்தால், விற்கிறவர் 2.60க்கு விலை கேட்பார். நீங்கள் 3.38க்குத்தான் விலை பேசவேண்டும்.

மைதானத்தையும் பார்க்கவேண்டும். டென்வரில் கொலராடோ ஆடும் மைதானம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீற்றர் உயரம். பண்டாரவளைக்கும் நுவரெலியாவுக்கும் இடைப்பட்ட உயரம். காற்று மெலிந்ததால் பந்து தூரம் போகும், வளைபந்து வளையாது. அங்கே 9 இன்னிங்ஸுக்கு 4.50 ஓட்டம் கொடுத்தவர் கடல்மட்டத்துக்கு இறங்கினால் நல்ல பிட்சராகத் தெரியலாம். தரையோடு உருளும் பந்து வரவைக்கும் பிட்சரை வாங்குகிறவருக்கு உள்வட்டக் களத்தடுப்பும் கெட்டியாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் காசு வீண்.

மருத்துவ அறிக்கையை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கையொப்பம் போடக்கூடாது. 2016இல் சான் டியாகோவிடமிருந்து ட்ரூ பொமரன்ஸை பொஸ்டன் வாங்கியது. மருத்துவத் தகவல் விவகாரத்தில் சான் டியாகோவின் பொது முகாமையாளருக்கு லீக் 30 நாள் இடைநிறுத்தம் கொடுத்தது. பொஸ்டன் பதிலுக்குக் கொடுத்த 18 வயது அண்டர்சன் எஸ்பினோசாவுக்குப் பிறகு இரண்டு முறை முழங்கைச் சத்திரசிகிச்சை. இரண்டு பக்கமும் கைகளை வைத்தே பேரம் பேசினால் இப்படித்தான் ஆகும்.

விலையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் 1987ஐ இழுப்பார்கள். டெட்ரொயிட் 36 வயது டொயில் அலெக்சாண்டரை வாங்க 20 வயது ஜோன் ஸ்மோல்ட்ஸை அத்லாண்டாவுக்குக் கொடுத்தது. ஸ்மோல்ட்ஸ் 213 வெற்றியும், முன்னணியைக் கடைசிவரை காத்ததற்கான 154 சேவும் எடுத்து 2015இல் ஹோல் ஒஃப் ஃபேம் என்ற புகழ் மண்டபத்துக்குப் போனார். ஆனால் அலெக்சாண்டர் அந்த இரண்டு மாதத்தில் 11 ஆட்டம் தொடங்கி ஒன்பதை வென்றார், ஒன்றும் தோற்கவில்லை. டெட்ரொயிட் டொரொன்டோவை முந்தியது இரண்டே ஆட்டத்தால். அந்தப் பரிமாற்றத்தை முட்டாள்தனம் என்று சொல்ல நான் தயாரில்லை. வாங்கியது கிடைத்தது.

நான் மன்னிக்காதது 1990. பொஸ்டன் லாரி அண்டர்சன் என்ற ரிலீவரை, அதாவது ஸ்டார்ட்டருக்குப் பின் வந்து வீசுபவரை, எடுத்தது. அவர் நன்றாகத்தான் வீசினார், 22 இன்னிங்ஸ். கொடுத்தது ஜெஃப் பக்வெல்லை. அவர் ஹூஸ்டனுக்கு 449 ஹோம் ரன் அடித்தார். பெரிய அணிக்கு அருகில் வந்துவிட்ட துடுப்பாட்ட இளைஞரை 22 இன்னிங்ஸுக்குக் கொடுக்கவே கூடாது. கொடுப்பதென்றால் கீழ் மட்டத்தில் இருக்கும் இளம் பிட்சர்களைக் கொடுக்கலாம். அவர்களில் பலர் கை உடைந்து மேலே வராமலே போகிறார்கள், ஸ்மோல்ட்ஸ் விதிவிலக்கு.

ரிலீவர் விடயத்தில் எனக்குச் சற்றுத் தாராள மனம். ஒரே பிட்சரை மூன்றாவது முறை சந்திக்கும்போது துடுப்பாட்டக்காரர் பந்தைப் படித்துவிடுகிறார். அதனால் ஒக்டோபரில் துடுப்பாட்ட வரிசையின் ஒன்பது பேரும் இரண்டு முறை வந்ததும், அதாவது 18 பேரோடு, ஸ்டார்ட்டரை இறக்கிவிடுவது வழமையாகிவிட்டது. மிச்ச இன்னிங்ஸ் ரிலீவர்களுடையது. 2016இல் சிக்காகோ கப்ஸ் அரோல்டிஸ் சப்மனுக்காக க்ளேபர் டொரெஸ் உட்பட நாலு பேரைக் கொடுத்தது. ஏழாவது ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் சப்மன் ஹோம் ரன் கொடுத்தும் 1908க்குப் பின் முதல் கிண்ணம் வந்தது. அந்த விலை தகும். இப்படி நிச்சயமாக முன்னணியில் நிற்காத அணி அந்த விலை கொடுத்தால் தகாது.

வந்து சேரும் நாளில் 26 பேர் பட்டியலில் இடம் வேண்டும். அதில் பிட்சர் 13 பேருக்கு மேல் இருக்க முடியாது. 40 பேர் பட்டியல் நிரம்பியிருந்தால் ஒருவரை நீக்கவேண்டும், அவரை வேறு அணி தூக்கிக்கொண்டு போகலாம். இதையும் விலையோடு சேர்த்து எண்ணவேண்டும். சீசனோடு ஒப்பந்தம் முடிகிறவர் என்றால் இன்னொன்று: நடுவில் மாறி வந்தவர் போகும்போது, ஈடாக, புதிய இளைஞரை எடுக்கும் டிராஃப்ட் தேர்வு கேட்க முடியாது.

பிறகு கட்சர், நம் விக்கெட் காப்பாளர் போலப் பந்தைப் பிடிப்பவர். 2015இல் கன்சாஸ் சிட்டி ஜொனி க்வேட்டோவுக்காக மூன்று இளம் இடதுகைப் பிட்சர்களைக் கொடுத்தது. வந்தவர் 13 ஆட்டத்தில் 4 வெற்றி, 7 தோல்வி, 9 இன்னிங்ஸுக்கு 4.76 ஓட்டம். கட்சர் சல்வடோர் பெரெஸ் பெரிய உருவம். கையுறையை உயரத்தில் காட்டினார், க்வேட்டோவுக்கு அது தாழ வேண்டியிருந்தது. பேசித் தாழ்த்திக்கொண்டார்கள். ஹூஸ்டனுக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தில் கடைசி 19 பேரை வரிசையாக ஆட்டமிழக்கச் செய்தார். அடுத்த தொடரில் டொரொன்டோவில் 2 இன்னிங்ஸில் 8 ஓட்டம் கொடுத்தார். ஒக்டோபர் 28, உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டம்: 9 இன்னிங்ஸ், 2 ஹிட், 1 ஓட்டம், மெற்ஸ் 7-1 எனத் தோற்றது. 1985க்குப் பிறகு முதல் கிண்ணம் கன்சாஸ் சிட்டிக்கு வந்தது. டிசம்பரில் க்வேட்டோ சான் பிரான்சிஸ்கோவுடன் ஒப்பந்தம் போட்டார். கொடுக்கப்பட்ட மூன்று பேரில் யாரும் ஒரு சீசனுக்கு மேல் நிலையான ஸ்டார்ட்டராக நிற்கவில்லை.