புன் பொ ஹுவே – மூன்றாவது முறை

இரண்டு தடவை சொதப்பிய பிறகு நேற்றுதான் புன் பொ ஹுவே உருப்படியாக வந்தது. வியட்நாம் சூப் என்றாலே ஃபோதான் நினைவுக்கு வரும், இது வேறு. புன் என்றால் அரிசி நூடுல்ஸ், பொ என்றால் மாட்டிறைச்சி, ஹுவே ஊர்ப்பெயர். 1802 முதல் 1945 வரை அரச தலைநகராக இருந்த ஊர். ஃபோவுக்குத் தட்டை நூடுல்ஸ். இதற்கு உருண்டை நூடுல்ஸ், தடித்த இடியாப்பம் மாதிரி. ஃபோவில் பட்டையும் அன்னாசிப்பூவும் மணக்கும். இதில் எலுமிச்சைப்புல்லும் மாம் ருவோக்கும்.

என்னைப் படுத்தியது அந்த மாம் ருவோக்தான். கூனி இறாலை உப்போடு நொதிக்கவைத்த விழுது. முதல் முறை கரண்டியோடு அப்படியே பானையில் போட்டேன். சூப் சேறாகக் கலங்கியது, நாக்கில் நறநறத்தது. பக்கத்து வீட்டில் "என்ன, கருவாடா?" என்றார்கள். இரண்டாம் முறை பயத்தில் அரைக் கரண்டி; வெறும் எலும்பு ரசம்.

இந்த முறை முதல்நாள் இரவே 2 தேக்கரண்டி விழுதை ஒரு டம்ளர் நீரில் கரைத்து வைத்துவிட்டேன். காலையில் வண்டல் அடியில், மேலே தெளிவு. புளித்தண்ணீரை இறுப்பதுபோல் மெதுவாகச் சாய்த்து, தெளிவை மட்டும் ஊற்றினேன். நாற்றம் போய் ருசி மட்டும் நின்றது.

மற்றபடி மாட்டெலும்பு, கெண்டைக்கால் சதை, ஒரு பன்றிக்கால். முதல் கொதியின் நுரைத் தண்ணீரைக் கொட்டி, எலும்பைக் கழுவி, புதிதாக 3 லிட்டர் நீர். தட்டிய எலுமிச்சைப்புல் 6 தண்டு. மேலே மிதக்கும் சிவப்பு எண்ணெய்க்கு அன்னாட்டோ விதை. தீ கொஞ்சம் கூடியதும் விதை கருகி எண்ணெய் கசந்தது. கொட்டிவிட்டு மறுபடி சிறுதீயில் காய்ச்சினேன். நிறம் இறங்கியதும் விதையை எடுத்துவிட்டு, பொடியாக நறுக்கிய எலுமிச்சைப்புல், பூண்டு, மிளகாய்த்தூள்.

கூடவே பச்சை வாழைப்பூ! நாம் மோரில் போட்டுப் பொரியல் செய்வதை அவர்கள் மெல்லிய இழையாகச் சீவி, எலுமிச்சைச்சாறு கலந்த நீரில் போட்டு, சூப்பின்மேல் அப்படியே தூவுகிறார்கள். லேசான துவர்ப்பு அந்தக் கொழுப்புக்கு அவ்வளவு பொருத்தம்.

ஒரே குறை இறைச்சி. சூட்டோடு வெட்டியதில் நார் நாராகப் பிரிந்துவிட்டது. அடுத்த முறை குளிர்ந்த நீரில் ஆறவிட்டுத்தான் கத்தி வைக்க வேண்டும்.