நீட்ட வேண்டாம் என்று சொன்ன பிறகு

"தினமும் ரெண்டு வேளை பையனோட காலைப் பிடிச்சு நீட்டிவிடறதை நிறுத்திடலாம்மா" என்று பிசியோதெரபிஸ்டாக நான் சொன்னதும் அந்த அம்மாவுக்கு நிம்மதியாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். "அப்போ இவனுக்கு நான் என்னதான் மேடம் செய்யறது?" என்று கேட்டார். இன்னும் அந்தக் கேள்வியிலேயே நிற்கிறேன்.

பையனுக்கு நாலு வயது, பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்ஸி). உடல் இயக்கத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் ஜிஎம்எஃப்சிஎஸ் அளவுகோலில் நான்காம் நிலை, இரண்டு காலிலும் விறைப்பு. பாயை விரித்தாலே அழுகிறான் என்று சொன்னதே அவர்தான். அழ அழ விறைப்பு ஏறும், விறைப்பு ஏற ஏற இவர் இன்னும் அழுத்துவார். வேகமாக இழுத்தால் எதிர்த்துப் பிடிப்பதுதான் இந்த விறைப்பின் குணம்; குதிகாலை உள்ளங்கையில் தாங்கி மெதுவாக, ரொம்ப மெதுவாகப் போனால்தான் தசை விட்டுக்கொடுக்கும். கதறுகிற பிள்ளையிடம் அந்த நிதானம் எப்படி வரும்?

நான் சொன்னதில் தவறில்லை. கையால் சில நிமிடம் நீட்டினாலே போதும், நீடித்த பலன் கிடைக்கும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. 2013ல் ஆய்வாளர் ஐயோனா நோவாக்கின் குழு பெருமூளை வாதச் சிகிச்சைகளைப் பற்றித் தொகுத்த ஆய்வுகளிலும் அதற்குப் பெரிய ஆதரவு கிடைக்கவில்லை. அதனால்தான் ஸ்டாண்டரில் (தாங்கி நிற்கவைக்கும் சட்டம்) நிற்கவைத்துச் சாப்பாடு ஊட்டுங்கள், காலுக்கு ஸ்பிளின்ட் (தாங்குபட்டை) போடுங்கள், அவனே எட்டி எடுக்கிற மாதிரி பொம்மையை வையுங்கள் என்றேன்.

ஆனால் "பிள்ளைக்கு என்ன பண்றே?" என்று வீட்டில் கேட்பவர்களுக்கு அவரிடம் இருந்த ஒரே பதில் அந்த அரைமணி நேரம்தான். பழக்கிவிட்டதும் எங்கள் துறைதானே. ஓபியில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மீதியை வீட்டில் செய்யச் சொல்கிறோம், அப்புறம் முன்னேற்றம் இல்லையென்றால் "வீட்ல ஒழுங்கா செய்றீங்களா?" என்று அம்மாவைத்தான் கேட்கிறோம். அந்தப் பாரத்தை இறக்கிவைக்கிறேன் என்று நினைத்து, அவர் பிடித்துக்கொண்டிருந்ததையே பிடுங்கிவிட்டேனோ? அப்படியும் சொல்ல முடியாது, பையன் இப்போது அம்மாவைக் கண்டு மிரளுவதில்லை.

அடுத்த முறை வந்தபோது, "சாயங்காலம் ஒரு தடவை மட்டும் செய்யறேன், திட்டாதீங்க மேடம்" என்றார். செய்துகாட்டச் சொன்னேன். மெதுவாகத்தான் செய்தார், பையன் முகம் சுளித்ததும் கையை எடுத்துவிட்டார். சரி என்று விட்டுவிட்டேன்.

இடுப்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறேன். நான்காம் நிலைப் பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு நழுவும் ஆபத்து அதிகம், வீட்டில் நீட்டிவிடுவது அதைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் படத்தில் ஏதாவது தெரிந்தால், ஒரு வேளையைக் குறைத்ததால்தான் என்று அவர் நினைப்பார். படம் வருவதற்கு முன்பே இதை அவரிடம் பேசிவிட வேண்டும், எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.