இடுப்பின் அளவு: தக்கலை நாட்குறிப்பு

08-06-2025, ஞாயிறு

பள்ளி திறந்து ஒரு வாரமாகிறது. எட்டாம் வகுப்புக்குப் போகும் மகளின் புதுச் சீருடைப் பாவாடைக்கு ஓரம் மடிப்பதற்காக அவளைத் திண்ணையில் நிற்க வைத்து அளந்தபோது, வலப்பக்கம் முக்கால் அங்குலம் ஏறி நின்றது. "மக்ளே, நேரா நில்லு" என்றேன். "நேராத்தானம்மா நிக்கேன்" என்றாள். வெட்டியதில் பிழையோ என்று பாவாடையைக் கழற்றி மடித்துப் பார்த்தேன். துணி சரியாகவே இருந்தது. பதினெட்டு ஆண்டுகளாகத் தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்து ஊர்ப் பிள்ளைகளின் இடுப்பை அளக்கிற நான், என் பிள்ளையின் இடுப்பை இத்தனை நாள் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

14-06-2025, சனி

புத்தகப் பையின் கனம்தான் காரணம் என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். தைலம் போட்டு நீவினால் சரியாகும் என்று மாமியார் சொன்னதால், அவர் மனம் நோகாதிருக்க வர்ம ஆசானிடமும் போனோம். அவர் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, இது பிசகு அல்ல, எலும்பே வளைந்திருக்கிறது, முதலில் எக்ஸ்ரே எடுங்கள் என்று அனுப்பினார். அந்த நேர்மையை நான் மறக்க மாட்டேன்.

நாகர்கோவிலில் எலும்பு மருத்துவர் அவளைக் கைகளைச் சேர்த்துக்கொண்டு முன்னால் குனியச் சொன்னார். குனிந்ததும் இடுப்புக்கு மேலே இடப்பக்கச் சதை மட்டும் மேடாக எழுந்தது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதோடு முறுக்கவும் செய்வதால்தான் அந்த மேடு என்றார். பிறகு காலின் நீள வேறுபாடா என்று அறிய, பாதத்தின் அடியில் பலகைத் துண்டு வைத்துப் பார்த்தார், வளைவு மாறவில்லை. எக்ஸ்ரேயில் காப் கோணம், அதாவது வளைவின் அளவு, 27 டிகிரி. 10 டிகிரிக்கு மேல் இருந்தாலே ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பின் பக்கவாட்டு வளைவு, என்பார்களாம். வளர்ச்சி இன்னும் மிச்சமிருப்பதும் இடுப்பெலும்பின் விளிம்பில் தெரிந்தது. வளரும் வயதில் இதற்குப் பெரும்பாலும் காரணம் கண்டுபிடிக்க முடிவதில்லை என்றும், பையால் வருவதில்லை என்றும் சொன்னார். வளைவு கூடாமலிருக்க உடலை இறுக்கிப் பிடிக்கும் பிரேஸ் என்ற கவசம் போட வேண்டும்.

12-07-2025, சனி

பிசியோதெரபிஸ்ட் மேடம் இன்று முதுகை விட்டுவிட்டு இடுப்பு மூட்டைத்தான் வெகுநேரம் அளந்தார். மகளைக் குப்புறப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, பாதத்தை வெளிப்பக்கமாகச் சாய்த்துப் பார்த்ததில், வலக்கால் சுலபமாகப் போன இடத்துக்கு இடக்கால் வரவில்லை. முதுகெலும்பு வளையும்போது அதன் அடியில் கிடக்கும் இடுப்பெலும்பும் சேர்ந்து சாய்ந்து திரும்பிவிடுவதால், இரண்டு மூட்டுகளும் ஒரே நிலையிலிருந்து அசைவைத் தொடங்குவதில்லை என்று விளக்கினார்.

நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் இடுப்பெலும்பு சற்று ஏறி இறங்கி, முன்னும் பின்னும் திரும்ப வேண்டும். இத்தகைய பிள்ளைகளுக்கு அந்த அசைவு குறைகிறது, அதே நேரம் இடுப்பிலும் புட்டத்திலும் உள்ள தசைகள் ஓய வேண்டிய நேரத்திலும் இழுத்துப் பிடித்தபடியே இருக்கின்றன, அதனால் ஒரே தூரத்துக்குக் கூடுதல் உழைப்பாகிறது. இதைக் கேட்டபோதுதான், பேருந்து நிறுத்தத்திலிருந்து ரப்பர் தோட்டத்து மேட்டில் ஏறி வரும் அவள், பாதியில் நின்று பையை இடம் மாற்றுவது ஏன் என்று புரிந்தது. வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பாள். வலி இல்லாததால் நாங்களும் சோம்பல் என்றே நினைத்தோம்.

02-08-2025, சனி

சுதந்திர தின அணிவகுப்புப் பயிற்சியிலிருந்து அவளை விலக்கியிருக்கிறார்கள்; அடி சேரவில்லையாம். எனக்குக் கடும் வருத்தம். ஸ்கோலியோசிஸ் உள்ள பிள்ளைகள் விளையாடக் கூடாது என்று மருத்துவர் சொல்லவே இல்லை. ஓடலாம், நீந்தலாம், அதற்காகப் பிரேஸைக் கழற்றியும் வைக்கலாம். மருத்துவரின் சீட்டை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை பள்ளிக்குப் போகப் போகிறேன்.

பிரேஸ் ஒரு நாளைக்கு 18 மணி நேரம். சாரல் மழை நின்ற பின் வரும் புழுக்கத்தில், உள்ளே போடும் தையலில்லாத பருத்தி பனியன் நனைந்து ஒட்டிக்கொள்கிறது. அக்குளுக்குக் கீழே சிவந்திருக்கிறது. ஆனாலும் கைவிட மனமில்லை. 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பிரேஸ் போட்டவர்களில் 72 விழுக்காட்டினருக்கும், போடாதவர்களில் 48 விழுக்காட்டினருக்கும் வளைவு 50 டிகிரியை எட்டாமல் வளர்ச்சி முடிந்திருக்கிறது. அதிக நேரம் போட்டவர்களுக்குப் பலனும் அதிகம்.

31-08-2025, ஞாயிறு

பிரேஸ் இடுப்பெலும்பையும் சேர்த்துப் பிடிப்பதால் அசைவு மேலும் குறையும், ஆகவே பயிற்சியை ஒரு நாளும் விடாதீர்கள் என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். மாலையில் கிணற்றுச் சுவரை ஒரு விரலால் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஜூலையில் இடக்காலில் நின்றால் ஒன்பது எண்ணுவதற்குள் மறுபக்க இடுப்பு சரிந்துவிடும். இன்று இருபத்திரண்டு வரை எண்ணினேன். கோணம் குறைந்ததா என்பது டிசம்பர் எக்ஸ்ரேயில்தான் தெரியும். அதுவரை நான் இந்த எண்ணிக்கையைத்தான் எழுதி வைக்கப் போகிறேன்.