பறக்கும் வள்ளம்

நம் பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுதித் தரச்சொல்லி மலர்க்குழுத் தம்பிமார் இரண்டு தரம் தொலைபேசியில் கேட்டார்கள். மூன்றாம் தரம் ரொறன்ரோ, ஸ்காபரோவில் உள்ள என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். நிலவறை மேசையில் இருந்த மாதிரி விமானத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணை, இதைப் பற்றியே எழுதுங்கோவன்" என்றார்கள். சரி என்றேன். ஆனால் அந்த விமானத்தைப் பற்றி எழுத வெளிக்கிட்டால் நமது மரவேலை மாஸ்டரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1971இல் நான் எட்டாம் வகுப்பு. மரவேலைக் கூடம் விளையாட்டுத் திடலின் கோடியில், வேப்பமரத்தடியில் இருந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். உள்ளே கால் வைத்தாலே சீவல் மணமும் காய்ச்சிய வச்சிரப் பசையின் மணமும் கலந்து வரும். மாஸ்டர் அதிகம் பேசமாட்டார். காதில் பென்சில், சட்டைப் பையில் மடிக்கும் அடிமட்டம். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில், பதினாறு பதினேழு வயதில், திருகோணமலைக் கடற்படைத் துறைமுகத்தில் தச்சர்களுக்குக் கையுதவியாளாகப் போனவர் அவர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் வந்து துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் எண்ணெய்த் தாங்கிகளையும் தாக்கியபோது ஒரு வாய்க்காலுக்குள் குப்புறக் கிடந்ததாக ஒரே ஒருமுறை சொன்னார். அதற்குமேல் குண்டுகளைப் பற்றி அவரிடம் பேச்சில்லை.

அவர் ஆசையோடு பேசியது, அதே ஆண்டின் பிற்பகுதியில் தான் கண்ட வேறொரு விமானத்தைப் பற்றி. ஓகஸ்ட் மாதத்தில் சீனக்குடாவில் டச்சுக்காரரின் 321ஆவது விமானப் படைப்பிரிவு அமைக்கப்பட்டது. அவர்களிடம் இருந்தவை கட்டலீனாக்கள். கடலில் இறங்கி, கடலிலிருந்தே எழும்புகிற விமானம். மாஸ்டர் அதைக் கட்டலீனா என்று சொல்லி நான் கேட்டதில்லை. பறக்கும் வள்ளம் என்றுதான் சொல்வார்.

அந்த வருடக் கண்காட்சிக்கு நான் அதைச் செய்ய ஆசைப்பட்டேன். எங்கள் வேலியில் தறித்த முள்முருக்கங் கதியால் ஒன்றை நிழலில் காயவைத்துச் செதுக்கினேன். பாரமில்லாத மரம், பேனாக்கத்திக்கே வழிவிடும். இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம் அது, கடையில் சாண்ட் பேப்பர் குதிரைக்கொம்பு. மாஸ்டர் எங்கிருந்தோ பராய் இலை ஒரு கட்டுக் கொண்டுவந்து தந்தார். அந்த இலையின் சொரசொரப்பில் தேய்த்தால் மரம் கன்னம்போல மழமழப்பாகும். வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ற்றைப் பூசி, பெருமையோடு அவர்முன் நீட்டினேன்.

அவர் வாங்கி, மேற்பக்கத்தைப் பார்க்கவேயில்லை. கவிழ்த்துப் பார்த்தார். மூங்கில் ஊறப்போட்டிருந்த வாளித் தண்ணீரில் மெல்ல வைத்தார். அது ஒரு கணம் நின்றது, பிறகு இடதுபக்கம் சரிந்து, இறக்கை தண்ணீருக்குள் போகப் படுத்துவிட்டது.

"தம்பி, இது பறவையாத்தான் இருக்கு. வள்ளம் எங்க?"

நான் ஒன்றும் பேசவில்லை. அவர் சீவுளி மேசையில் சோக்கட்டியால் கீறிக் காட்டினார். அடிவயிறு தட்டையாக இருக்கக்கூடாது, வள்ளத்தின் அடியில் ஓடும் ஏரா மரம்போல நடுவில் கூர்மை வேண்டும். அந்த வயிற்றின் பாதிக்குச் சற்றுப் பின்னால் ஒரு படி வெட்டியிருக்கும். வள்ளம் வேகமாக ஓடும்போது தண்ணீர் அடிவயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்குமாம், அந்தப் படியில் காற்றுப் புகுந்தால்தான் பிடி விடுமாம், இல்லாவிட்டால் எழும்பவே முடியாதாம். இறக்கை நுனிகளில் இரண்டு சின்ன மிதவைகள் உண்டு. எழும்பியதும் அவை மடிந்து இறக்கையின் நுனியாகவே ஆகிவிடும். இவ்வளவையும் அவர் பதினேழு வயதில், கரையில் நின்று பார்த்தே அறிந்திருக்கிறார். கண்காட்சியன்று என் இரண்டாவது வள்ளம் தகரத் தொட்டியில் சரியாமல் மிதந்தது. 1985இல் வீட்டைவிட்டு ஓடியபோது அதுவும் அங்கேயே கிடந்துபோயிற்று.

கனடாவுக்கு வந்து பல வருடங்களுக்குப் பிறகுதான் உண்மையான ஒன்றைக் கண்டேன். ஹமில்டன் நகருக்கு வெளியே உள்ள விமான அருங்காட்சியகத்தில் இன்னும் பறக்கக்கூடிய நிலையில் ஒன்று நிற்கிறது. சில்லுகளும் உள்ள வகை அது, கனடாவில் அதற்கு கான்சோ என்று பெயர். போரில் விக்டோரியா சிலுவை என்ற வீரவிருது பெற்ற டேவிட் ஹோர்னெல் ஓட்டிய விமானத்தின் நிறங்களில் அதை வைத்திருக்கிறார்கள். நான் நேரே போய்க் குனிந்தது அதன் வயிற்றுக்குக் கீழே. படி இருந்தது. மாஸ்டர் சோக்கட்டியால் கீறிய அதே இடத்தில் இருந்தது. அங்கே நெடுநேரம் நின்றேன்.

அதன் பிறகுதான் வாசிக்கத் தொடங்கினேன். 1942 ஏப்ரலில் இலங்கையைக் காத்தவர் என்று இந்த நாட்டில் கொண்டாடப்படுகிற லெனார்ட் பேர்ச்சல், ஒன்டாரியோவின் சென்ற் கத்தரின்ஸ் ஊர்க்காரர். ரொறன்ரோவிலிருந்து ஒன்றரை மணிநேர ஓட்டம். கனடிய விமானப்படையின் 413ஆவது படைப்பிரிவு. ஷெட்லாந்துக் குளிரில் சல்லம் வோவில் இருந்தவர்களை அவசரமாகக் காலிக்கு அருகே கொக்கல வாவிக்கு மாற்றினார்கள். வந்து சில நாட்கள்கூட ஆகவில்லை. ஏப்ரல் 4ஆம் திகதி விடியுமுன் எழும்பிப் போன பேர்ச்சலின் கட்டலீனா, நாள் முழுக்கக் கடலைத் தேடிவிட்டு, மாலைப் பொழுதில் இலங்கைக்குத் தெற்கே 350 மைலுக்கும் அப்பால் ஜப்பானியத் தளபதி நகுமோவின் கப்பற்படையைக் கண்டது. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள். கிட்டப் போய் எண்ணினால்தான் சரியான சேதி கொடுக்கலாம், கிட்டப் போனால் திரும்ப முடியாது. போனார்கள். சேதியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானியரின் சீரோ போர்விமானங்கள் சுட்டு வீழ்த்தின. ஒன்பது பேரில் ஆறு பேர்தான் உயிர்தப்பிக் கைதிகளானார்கள். பேர்ச்சல் 1945வரை ஜப்பானியச் சிறைமுகாம்களில் இருந்து மீண்டு, 2004வரை வாழ்ந்தார். சேதி அரைகுறையாகத்தான் கொழும்புக்கு எட்டியது. ஆனாலும் எட்டியது. மறுநாள் உயிர்த்த ஞாயிறு, தாக்குதல் வந்தபோது கொழும்புத் துறைமுகத்திலிருந்த கப்பல்களில் பெரும்பாலானவை வெளியேறியிருந்தன.

திருமலைக்காரர்கள் நாம் இன்னொருவரையும் மறக்கக்கூடாது. 8ஆம் திகதி மறுபடியும் ஒரு கட்டலீனா கிழக்குக் கடலில் அந்தப் படையைக் கண்டு சொன்னதால்தான் நம் துறைமுகத்துக் கப்பல்கள் இரவோடிரவாக வெளியே அனுப்பப்பட்டன. அப்படிப் போன ஹேர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலைத்தான் அடுத்த நாள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தார்கள், 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே 9ஆம் திகதி காலை, நம் ஊர்மேல் குண்டு விழுந்த அந்த நேரத்தில், 413ஐச் சேர்ந்த தோமஸ் என்பவரின் கட்டலீனாவும் எதிரிக் கப்பல்களைக் கண்டு சேதி அனுப்பும்போதே வீழ்த்தப்பட்டது. அதிலிருந்து ஒருவரும் மீளவில்லை. மாஸ்டர் வாய்க்காலுக்குள் கிடந்த அதே காலை. அவருக்கு இது தெரிந்திருக்குமா என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன்.

413ஆவது படைப்பிரிவு இன்றும் நோவா ஸ்கோஷியாவில் மீட்புப்பணி செய்கிறது. அதன் சின்னம் யானைத் தலை. பனிக்கடலில் தவிக்கும் மீனவரைத் தேடிப்போகும் விமானத்தில் நம் நாட்டு யானை.

அப்போதுதான் மறுபடி ஒன்று செய்ய வேண்டும் என்று தோன்றியது, இம்முறை பிளாஸ்டிக்கில். பேர்ச்சலின் விமானம், அதன் இலக்கம் ஏ.ஜே. 155. எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு, அதாவது ஒரு அங்குலத்துக்கு ஆறு அடி. மாஸ்டரின் அடிமட்டத்துக்குள் அடங்கும் கணக்கு. 104 அடி இறக்கை 17 அங்குலத்துக்குச் சற்றுக் கூட வரும்.

கடையில் கிடைத்த மாதிரிப் பெட்டி சில்லுள்ள வகை. பேர்ச்சலுடையது சில்லில்லாத வெறும் வள்ளம். ஆகவே உடலின் இருபக்கமும் இருந்த வட்டமான சில்லுக் குழிகளை அடைக்க வேண்டியிருந்தது. மெல்லிய பிளாஸ்டிக் தகடு வெட்டி ஒட்டி, மேலே இடுக்கை அடைக்கும் பட்டிப் பசை போட்டு, காய்ந்தபின் தண்ணீரில் நனைத்த தாளால் தேய்த்தேன். முதலில் 400ஆம் இலக்கத் தாள், பிறகு 600, பிறகு 1000. கைக்கு மழமழவென்றிருந்தது. சாம்பல் நிற அடிப்பூச்சை அடித்ததும் அந்த வட்டம் மெல்லிய வளையமாக எழும்பி வந்து நின்றது. கையை ஏமாற்றலாம், அடிப்பூச்சை ஏமாற்ற முடியாது. திரும்பப் பட்டி, திரும்பத் தேய்ப்பு. மூன்றாம் தரம்தான் வளையம் மறைந்தது. இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பராய் இலை இருந்தால் அதையும் பாவித்துப் பார்த்திருப்பேன்.

நிறங்கள் பிரிட்டிஷ் கடல் விமானங்களுக்குரியவை. மேற்பக்கம் எக்ஸ்ட்ரா டார்க் சீ கிரே, டார்க் ஸ்லேட் கிரே என்ற இரண்டும் அலைஅலையாக. அடிப்பக்கம் ஸ்கை என்ற வெளிர்பச்சை. டார்க் ஸ்லேட் கிரே பெயரில்தான் சாம்பல், போத்தலைத் திறந்தால் பச்சை தலைகாட்டும். கோணேசர் மலைக்குக் கீழே அலை அடித்துக்கொண்டே இருக்கிற பாறையில் காய்ந்த பாசியின் நிறம். அதைக் கண்ட நிமிடம் அந்த நிறத்தை வகுத்தவர்மீது எனக்குப் பெரிய மரியாதை வந்தது. சின்ன உருவத்தில் நிறம் உண்மையைவிட இருளாகத் தெரியும் என்பதால் இரண்டிலும் சில துளி வெள்ளை கலந்தேன். பால் பதத்துக்கு ஐதாக்கி, ஏர்பிரஷ்ஷால் மெல்லிய படலமாக நான்கு தடவை. அவசரப்பட்டு ஒரே தடவையில் அடித்தால் ரிவெட்டுகளும் கோடுகளும் மூழ்கிப்போகும்.

கட்டலீனாவின் இறக்கையில் முன்பாதிதான் உலோகம், பின்பாதி சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி. துணிப்பக்கத்தைச் சற்றே வெளிறவிட்டேன். மற்றபடி அழுக்கும் தேய்வும் குறைவாகத்தான் போட்டேன். பலர் இந்தியப் பெருங்கடல் விமானம் என்றால் வெயிலில் வாடிப்போனதாகத் தீட்டுகிறார்கள். அது தவறு. பேர்ச்சலின் விமானத்துக்கு நம் வெயில்பட நாளே கிடைக்கவில்லை.

பிரிட்டிஷ் விமானங்களின் அடையாளமான வட்டக் குறிகளில் நடுச் சிவப்பு இருக்க வேண்டும். ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழம்பாமலிருக்கக் கீழைப் போர்முனையில் அந்தச் சிவப்பை எடுத்தது பிற்பாடு. 1942 ஏப்ரலில் சிவப்பு இன்னும் இருந்தது. அந்தக் குறிகளுக்கான டெக்கால் ஒட்டுப்படங்களை ஒட்டுமுன் மினுங்கும் வார்னிஷ் அடித்து, ஒட்டியபின் மங்கல் வார்னிஷ். உடலின் இருபுறமும் பிதுங்கிநிற்கும் கண்ணாடிக் குமிழிகளுக்கு ஒரு முழுக் கிழமை போயிற்று. டேப்பை நூல்நூலாக வெட்டிச் சட்டங்களுக்கிடையே ஒட்டி, வர்ணமடித்து, பிறகு உரித்து. ஒரு குமிழியில் டேப்போடு வர்ணமும் பிய்ந்து வந்துவிட்டது. விரல் எண்ணெய்ப் பிசுக்கை நான் துடைக்காமல் விட்ட இடம். முழுவதையும் கழுவி மறுபடி தொடங்கினேன். அந்தக் குமிழிகளுக்குள் இருந்துதானே கடலைத் தேடினார்கள். அது மங்கலாக இருக்க மனம் ஒப்பவில்லை.

அக்காவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அவ யாழ்ப்பாணத்தில் வாழ்க்கைப்பட்டு, வானத்தில் சத்தம் கேட்டாலே பிள்ளைகளை அள்ளிக்கொண்டு பதுங்குகுழிக்குள் ஓடிய வருடங்களைக் கழித்தவ. "உனக்குச் செய்ய வேற சாமான் கிடைக்கேல்லையோ? இதை ஹோலில வைக்காத" என்றா. வைக்கவில்லை. அவ சொன்னதில் நியாயம் இருந்தது. இதுவும் குண்டு சுமந்த விமானம்தான்.

கடைசியாக மிஞ்சியது அன்ரெனாக் கம்பி. பெட்டியில் மிஞ்சிய பிளாஸ்டிக் குச்சியை மெழுகுதிரிச் சுடருக்கு மேல் பிடித்து, இளகும்போது இரண்டு கையாலும் மெல்ல இழுத்தால் தலைமயிர் போல நீளும். அதை இறக்கையிலிருந்து வால்வரை இழுத்து ஒட்ட வேண்டும். ஆறு தரம் அறுந்தது. ஏழாவதை ஒட்டிக்கொண்டிருந்தபோது அக்கா தேத்தண்ணியோடு கீழே வந்தா. வழமைபோல மேலே போகாமல் பக்கத்தில் நின்றா.

"இந்த நூல் என்னத்துக்கு?"

சேதி அனுப்புகிற கம்பி என்றேன். பேர்ச்சலையும் தோமஸையும், எங்கள் ஊருக்கு வந்த சேதியையும் சொன்னேன். மாஸ்டரை அவவுக்கும் தெரியும். வாய்க்கால் கதை மட்டும் தெரியாது.

அவ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தா. கம்பி இந்த முனையில் தெரிந்தது, நடுவில் விளக்கு வெளிச்சத்தில் காணாமல்போனது.

"வால்ப் பக்கம் ஒட்டேல்லைப் போல" என்றா. "பொறு, நான் பிடிக்கிறன்."