கனவும் சூறாவளியும்: 2024 அட்லாண்டிக் பருவப் பதிவேடு

ஜூன் 1, 2024

அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் இன்று தொடங்குகிறது, நவம்பர் 30 வரை நீடிக்கும். கனவை வைத்துச் சூறாவளியை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று சோதிக்க விரும்புகிறவர்கள் முதலில் சில எண்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 1991 முதல் 2020 வரையிலான சராசரிப்படி ஒரு பருவத்தில் 14 புயல்கள் பெயர் பெறுகின்றன. அவற்றில் 7 சூறாவளியாகின்றன. அந்த ஏழில் 3, காற்றின் வேகத்தை வைத்து 1 முதல் 5 வரை தரம் பிரிக்கும் அளவுகோலில் கேட்டகரி 3 அல்லது அதற்கு மேல் போகின்றன, அதாவது காற்று மணிக்கு 178 கிலோமீட்டரைத் தொடுகிறது. இந்த ஆண்டு கடல் மிகவும் சூடாக இருப்பதால் அமெரிக்க அரசின் கடல், வானிலை ஆய்வு அமைப்பான நோவா 17 முதல் 25 வரை பெயர்ப் புயல்களை எதிர்பார்க்கிறது. எனவே "செப்டம்பரில் பெரிய புயல் வரும்" என்ற கனவைச் சோதித்துப் பயனில்லை. கனவே காணாதவரும் அதைச் சொல்லிவிடலாம்.

கனவு கண்டவர் முன்கூட்டிச் சொல்லும் ஒரு கூற்று இந்தப் பதிவேட்டில் ஏற வேண்டுமானால் அதில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: இடம், கால வரம்பு, வலிமை, நிகழ்தகவு. இடத்துக்குக் கடற்கரையை முன்கூட்டியே துண்டு போட்டு வைத்திருக்கிறோம். டெக்சஸ் ஒன்று, லூசியானாவிலிருந்து அலபாமா வரை ஒன்று, ஃபுளோரிடா மேற்குக் கரை, கிழக்குக் கரை, ஜார்ஜியாவும் கரோலினாக்களும், சிறு ஆன்டில்ஸ் தீவுகள், பெரு ஆன்டில்ஸ், யுகாட்டான், பெர்முடா என்று போகும். கால வரம்பு அதிகபட்சம் 10 நாள். நிகழ்தகவு 5 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, 95-ஐத் தாண்டக்கூடாது. "கண்டிப்பாக" என்று எழுதினால் ஏற்க மாட்டோம்.

ஜூன் 8

எழுதும் முறை. தலைமாட்டில் தாளும் பென்சிலும் இருக்கட்டும். பேனா வேண்டாம், படுத்தபடி எழுதினால் மை இறங்காது. விழிப்பு வந்ததும் புரளாதீர்கள், கண்ணைத் திறக்காதீர்கள். கடைசிக் காட்சியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள். கதையாக எழுதத் தொடங்கினால் எழுதும்போதே பாதி மறந்துவிடும். அதனால் முதலில் ஐந்தாறு சொற்களை மட்டும் குறியுங்கள்: "சேறு, படிக்கட்டு, மஞ்சள் பேருந்து, கூரையில் நாய்". பிறகு நேரம், அதன் பிறகு விவரம்.

1927-இல் கனவும் காலமும் பற்றித் தன் ஆய்வை வெளியிட்ட பிரிட்டிஷ் விமானப் பொறியாளர் ஜே. டபிள்யூ. டன் சொன்ன வழியும் ஏறக்குறைய இதுதான். அவருடைய புகழ்பெற்ற எடுத்துக்காட்டில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 1902-இல் தீவு ஒன்று வெடிக்கப் போவதாகவும் 4,000 பேர் சாகப் போவதாகவும் கனவு கண்டார். பிறகு வந்த நாளிதழில் மார்ட்டினிக் தீவின் பெலே எரிமலைச் செய்தி இருந்தது. தலைப்பில் அச்சாகியிருந்த எண் 40,000. அவர் அதை 4,000 என்றே படித்தார், பல ஆண்டுகள் கழித்துத்தான் அது தெரியவந்தது. கனவில் வந்தது எரிமலை அல்ல, பிறகு தான் படிக்கப்போகும் நாளிதழே என்பது அவர் எடுத்த முடிவு. எங்களுக்கு அதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. கனவை நாளிதழ் வருவதற்கு முன்பே எழுதி, தேதியிட்டு, பிறர் கையில் கொடுத்திருந்தால்தான் அந்த எண்ணைப் பற்றிப் பேசவே முடியும்.

ஜூன் 20

முத்திரை வைப்பது. கூற்றை ஒரு எளிய உரைக் கோப்பாகச் சேமித்து அதற்கு ஷா-256 எண்ணை எடுங்கள், அது கோப்பின் கைரேகை போன்றது, கணினி கணக்கிட்டுத் தரும். 64 எழுத்து நீளமுள்ள ஒரு வரி கிடைக்கும். பொதுவில் போட வேண்டியது அந்த வரியை மட்டும்தான். கோப்பு உங்களிடமே இருக்கட்டும், வரம்பு முடிந்ததும் திறந்து காட்டலாம். இடையில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் எண் முற்றிலும் மாறிவிடும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது. "கொ" என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், தனித்தனி இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், ஷா எண் வேறாக வரும். கைபேசியில் தட்டியதைக் கணினியில் மறுபடி தட்டினால் இதனால் பொருந்தாமல் போகக்கூடும். வரி முடிவில் ஒட்டிக்கொண்ட ஒரு வெற்றிடமும் இதே வேலையைச் செய்யும். ஆகவே மறுபடி தட்டாதீர்கள். மூலக் கோப்பை அப்படியே படியெடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள்.

ஜூலை 2

நேற்று கிரெனடாவின் கரியாக்கூ தீவில் கரையைக் கடந்த பெரில், கேட்டகரி 5 ஆகிவிட்டது. இத்தனை சீக்கிரத்தில் அட்லாண்டிக்கில் இந்த வலிமை பதிவானதே இல்லை. இதற்கு முந்தைய சாதனை 2005 ஜூலை நடுவில் வந்த எமிலியுடையது.

கணக்கில் இது ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. கனவுக் கூற்றை எதனோடு ஒப்பிடுகிறோம்? பழைய பதிவுகளிலிருந்து வரும் அடிப்படை விகிதத்தோடு. அமெரிக்காவின் தேசியச் சூறாவளி மையத்தின் வரலாற்றுப் பதிவுகள் 1851 முதல் இருக்கின்றன. குறிப்பிட்ட துண்டில், குறிப்பிட்ட 10 நாளில், கடந்த 30 ஆண்டுகளில் எத்தனை ஆண்டு அது நடந்தது என்று எண்ணி 30-ஆல் வகுக்கிறோம். ஜூலை முதல் வாரத்தில் கேட்டகரி 5 என்றால் விடை பூஜ்யம். ஆனால் பூஜ்யம் என்று வைத்தால் "நடக்கவே நடக்காது" என்று நாமே அடித்துச் சொன்னதாகிவிடும். அதனால் மேலே 1, கீழே 2 கூட்டுகிறோம்: 30-இல் 0 என்பது 32-இல் 1 ஆகும், அதாவது சுமார் 3 சதவீதம். இப்படி அரிதான ஒன்றை முன்கூட்டி முத்திரையிட்டு வைத்திருந்தால் அதற்கு நிறைய மதிப்புண்டு. செய்தி வந்த பிறகு சொல்லும் கனவைப் பதிவேட்டில் ஏற்ற வழியில்லை.

ஜூலை 14

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்ற நம்பிக்கை பற்றி. பழந்தமிழ்க் கனா நூல் வழக்கில் இதற்கு ஒரு முழுக் கால அட்டவணையே உண்டு. முதல் யாமத்துக் கனவு ஓராண்டில் பலிக்கும், இரண்டாம் யாமத்தது எட்டு மாதத்தில், மூன்றாம் யாமத்தது மூன்று மாதத்தில், கடை யாமத்தது பத்து நாளில். கனவுக்குக் கெடு வைத்துச் சொன்ன அந்தச் சிந்தனையை நாங்கள் மதிக்கிறோம். கெடு இருந்தால்தான் ஒரு கூற்று தவறிப்போக முடியும், தவறக்கூடிய கூற்றைத்தான் சோதிக்க முடியும். ஆனால் சூறாவளிக்கு ஓராண்டுக் கெடு உதவாது, ஒரு முழுப் பருவம் அதற்குள் அடங்கிவிடும். சோதிக்கத் தக்கது கடை யாமம்தான். உடலியலும் இங்கே ஒத்துப்போகிறது. உறக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. விழிகள் வேகமாக அசையும் கட்டம் விடியலை நோக்கி நீண்டுகொண்டே போகிறது, நினைவில் நிற்கும் கனவுகளில் பெரும்பாலானவை அந்தக் கட்டத்தில் வருபவை.

அதே விடியலில்தான் மாசும், அதாவது செய்தியிலிருந்து கனவுக்குள் நுழையும் தகவலும், சேர்கிறது. மயாமியிலுள்ள சூறாவளி மையம் கிழக்கு அமெரிக்கக் கோடை நேரப்படி காலை 5, 11, மாலை 5, இரவு 11 என அறிவிப்பு வெளியிடுகிறது. கரைக்குக் கண்காணிப்போ எச்சரிக்கையோ அமலில் இருந்தால் அதிகாலை 2 மணிக்கும் ஒரு பொது நிலவரம் வரும். நடுவில் எழுந்து கைபேசியைப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கினால் அந்தக் கனவு பதிவுக்கு ஆகாது.

அன்றைய செய்தியை மட்டும் தவிர்த்தாலும் போதாது. ஒரு நிகழ்வு மறுநாள் கனவில் எட்டிப்பார்க்கும், பிறகு மறைந்து, ஐந்திலிருந்து ஏழாம் நாளுக்குள் மறுபடி தலைகாட்டும் என்பதை உறக்க ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு கனவுக்குக் கீழும் கடந்த எட்டு நாளில் பார்த்த வானிலைச் செய்தி, படம், பேச்சு எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதச் சலிப்பாக இருக்கும் பகுதி இது. ஆனால் இது விடுபட்டால் மற்ற எல்லாம் வீண்.

கனவில் வரும் புயல் பெயர்களுக்கும் மதிப்பெண் கிடையாது. பட்டியல் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை சுழல்கிறது. 2018 பருவத்தின் ஃபுளோரன்ஸ், மைக்கேல் என்ற பெயர்கள் நீக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் இந்த ஆண்டு ஃபிரான்சீன், மில்டன் காத்திருக்கின்றன. அவற்றை யாரும் எப்போதும் படிக்கலாம்.

ஆகஸ்ட் 10

டெப்பி 5-ஆம் தேதி ஃபுளோரிடாவின் ஸ்டைன்ஹாட்சீ அருகே கேட்டகரி 1-ஆகக் கரையைக் கடந்தது. 8-ஆம் தேதி தென் கரோலினாவில் வெறும் புயலாக மறுபடி கடந்தது. கரோலினாவில் சூறாவளி என்று ஒருவர் எழுதியிருந்தால்? தவறியது என்றுதான் பதிவாகும். கரை கடத்தல் என்பது மையம் கரையைத் தொடும் இடம், தொடும்போது உள்ள வலிமை. மழை வெள்ளத்தைக் கண்டவர் மழை வெள்ளம் என்றே எழுதட்டும், அதற்குத் தனிக் கட்டம் இருக்கிறது. முடிவு தெரிந்த பிறகு கட்டம் மாற்ற அனுமதியில்லை.

செப்டம்பர் 5

ஆகஸ்ட் 20-க்குப் பிறகு பெயர் பெற்ற புயல் ஒன்றுகூட இல்லை. பருவத்தின் உச்சம் செப்டம்பர் 10, அதை நெருங்கும்போது இந்த அமைதி. ஆப்பிரிக்காவிலிருந்து வரும், புயல்களுக்கு வித்திடும் காற்றலைகள் வழக்கத்தைவிட வடக்கே தள்ளிக் கடலில் இறங்குவதும் அங்கே காற்று வறண்டிருப்பதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. கனவுச் சோதனைக்கு இந்த நாட்கள் மிக உதவும், ஏனென்றால் தவறிய கூற்றுகள் இப்போதுதான் சேரும்.

மதிப்பெண் பிரையர் முறை. வானிலையாளர் கிளென் பிரையர் 1950-இல் தந்தது. சொன்ன நிகழ்தகவிலிருந்து விடையைக் கழித்து வர்க்கமாக்க வேண்டும். நடந்தால் விடை 1, நடக்காவிட்டால் 0. எண் சிறியதாக இருந்தால் நல்லது. ஒரு கற்பனைக் கணக்கு: அடிப்படை விகிதம் 0.2, கனவு கண்டவர் ஒவ்வொரு முறையும் 0.6 என்கிறார், ஐந்து கூற்றில் ஒன்று பலிக்கிறது. பலித்ததற்கு அவருக்கு 0.16, அடிப்படைக்கு 0.64. அங்கே அவர்தான் முன்னே. தவறிய நான்கில் ஒவ்வொன்றுக்கும் அவருக்கு 0.36, அடிப்படைக்கு 0.04. சராசரி எடுத்தால் அவருக்கு 0.32, அடிப்படைக்கு 0.16. பலித்த ஒன்றை மட்டும் ஊர் பேசும், அதுவும் உண்மையாகவே பலித்ததுதான். ஆனாலும் அவரைப் பின்பற்றுவதைவிடப் பழைய பதிவைப் புரட்டுவது இருமடங்கு நல்லது.

தற்செயலை அளக்க இன்னொரு படி. கூற்றுகளை அப்படியே வைத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரேயுள்ள விடைகளைக் கலைத்துப் போட்டு மறுபடி மதிப்பெண் எடுங்கள். கணினியில் ஆயிரம் முறை கலைக்கலாம். கலைத்த வரிசைகளில் ஐம்பதுக்கும் மேற்பட்டவை உண்மையான வரிசைக்குச் சமமாகவோ மேலாகவோ வந்தால் பெருமை கொள்ள எதுவும் இல்லை.

செப்டம்பர் 28

ஹெலீன் 26-ஆம் தேதி இரவு ஃபுளோரிடாவின் பெரி அருகே கேட்டகரி 4-ஆகக் கரையேறியது, காற்று மணிக்கு 225 கிலோமீட்டர். கடலிலிருந்து அத்தனை தூரத்திலுள்ள வட கரோலினாவின் ஆஷ்வில் வெள்ளத்தில் கிடக்கிறது. அங்கே இன்னும் மனிதர்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இந்த வாரம் எந்தக் கூற்றையும் திறக்க வேண்டாம்.

ஒரு விதியை அழுத்திச் சொல்கிறோம். எச்சரிக்கை அமலில் இருக்கும் பகுதிக்குக் கனவை எச்சரிக்கையாகப் பகிரக்கூடாது. "நம் ஊருக்கு வராது என்று கண்டேன்" என்பதை இன்னும் கண்டிப்பாகப் பகிரக்கூடாது. ஹெலீனுக்குப் பெயர் வைக்கும் முன்பே, 23-ஆம் தேதியே சூறாவளி மையம் அறிவிப்புகளைத் தொடங்கிவிட்டது. சூறாவளிக் காற்று 48 மணி நேரத்தில் வரக்கூடும் என்றால் கண்காணிப்பு, 36 மணி நேரத்தில் வரும் என்றால் எச்சரிக்கை. கடற்கரையில் வசிப்பவர் தம் வீடு எந்த வெளியேற்ற மண்டலத்தில் இருக்கிறது என்பதைத் தெரிந்து வைத்து, அந்த மண்டலத்தின் பெயர் சொல்லி அழைத்ததும் கிளம்ப வேண்டும். கடல் நீர் உள்ளே ஏறிய பிறகு சாலை இருக்காது.

அக்டோபர் 11

மில்டன். 5-ஆம் தேதி உருவாகி, 7-ஆம் தேதி 895 மில்லிபார் வரை அழுத்தம் இறங்கி, 9-ஆம் தேதி இரவு சியெஸ்டா கீயில் கேட்டகரி 3-ஆகக் கரையேறியது. மையம் டாம்பா விரிகுடாவுக்குத் தெற்கே போனதால் விரிகுடாவின் தண்ணீர் உள்ளே ஏறாமல் வெளியே இழுக்கப்பட்டது. ஆனால் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் சுமார் 18 அங்குல மழை கொட்டியது. டிராபிகானா ஃபீல்ட் மைதானத்தின் வெள்ளைத் துணிக்கூரை கிழிந்து, விலா எலும்புகளாக வளைவுகள் மட்டும் நிற்கின்றன.

ஹெலீனுக்கு இரண்டு வாரத்துக்குள் வந்ததால் இந்தக் கால வரம்பில் மாசில்லாத கனவு அநேகமாக இருக்க முடியாது. எல்லோரும் வெள்ளப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செய்திக் குறிப்பு இல்லாத கூற்றுகளை முழுவதும் ஒதுக்குகிறோம்.

அந்தக் கூரையை முன்வைத்து ஒரு கேள்வி எழும்: "பெரிய வெள்ளைக் கூடாரம் கிழிந்து பறக்கிறது" என்று மட்டும் எழுதிய கனவுக்கு என்ன மதிப்பெண்? 1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸின் ஆபர்ஃபான் ஊரில் நிகழ்ந்த நிலக்கரிக் கழிவுச் சரிவுக்குப் பிறகு, மனநல மருத்துவர் ஜான் பார்க்கரும் ஈவினிங் ஸ்டாண்டர்ட் நாளிதழின் பீட்டர் ஃபேர்லியும் முன்னுணர்வுகளைத் திரட்ட ஓர் அலுவலகம் தொடங்கினார்கள். அவர்களுடைய அளவுகோலில் மொத்தம் 11 புள்ளி: அபூர்வத் தன்மைக்கு 5, துல்லியத்துக்கு 5, நேரத்துக்கு 1. அதன்படி இந்தக் கூடாரம் நல்ல புள்ளி வாங்கும். ஆனால் அபூர்வம் எது என்று தீர்மானிப்பவர் படத்தைப் பார்த்துவிட்டே தீர்மானிக்கிறார். நேரத்துக்கு ஒரே ஒரு புள்ளி என்பது சூறாவளிக்கு ஒத்துவராது, நேரம் தெரியாமல் யாரும் எதற்கும் தயாராக முடியாது. இடமும் கெடுவும் இல்லாத காட்சிகளைத் தனி ஏட்டில் வைக்கிறோம். அவற்றைத் தேதி தெரியாத இருவரிடம் கொடுத்து, ஒவ்வொன்றையும் ஐந்து புயல்களின் விவரத்தோடு பொருத்தச் சொல்ல வேண்டும். சரியான புயலை ஐந்தில் ஒரு முறைக்கு மேல் எடுக்கிறார்களா என்று பார்த்தால் போதும்.

டிசம்பர் 1

பருவம் முடிந்தது: பெயர்ப் புயல் 18, சூறாவளி 11, கேட்டகரி 3-உம் அதற்கு மேலும் 5. அமெரிக்கக் கரையைச் சூறாவளியாகக் கடந்தவை பெரில், டெப்பி, ஃபிரான்சீன், ஹெலீன், மில்டன்.

இனி கோப்புகளைத் திறக்கலாம். ஷா எண் பொருந்தாதது செல்லாது, விளக்கம் கேட்க மாட்டோம். முத்திரையிட்டுவிட்டுத் திறக்காமல் விட்டவற்றை 0.25 என்ற தண்டனை மதிப்பெண்ணோடு சேர்க்கிறோம். இல்லையென்றால் பலித்ததை மட்டும் திறந்து மற்றதை மறந்துவிடும் வழக்கம் நுழைந்துவிடும். இது தற்காலிகக் கணக்குதான். சூறாவளி மையம் ஒவ்வொரு புயலுக்கும் தனி ஆய்வறிக்கை வெளியிடும், அதில் கரை கடந்த வலிமை ஒரு படி மாறலாம். எல்லைக்கோட்டில் நிற்கும் கூற்றுகள் அதுவரை காத்திருக்கட்டும்.

அடுத்த ஆண்டுப் படிவத்தில் இரண்டு மாற்றம். ஃபுளோரிடா மேற்குக் கரையை டாம்பா விரிகுடாவுக்கு வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிக்கிறோம். எட்டு நாள் செய்திக் குறிப்பை நிரப்பாவிட்டால் ஷா எண்ணை ஏற்க மாட்டோம்.